கடிவாளம் கையில் இருக்கட்டும்

கேள்வி: தினமும் உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு வேலைக்குப் போகிறேன். தியானம் செய்யக் கண்ணை மூடினால் அலுவலக வாட்ஸ்அப் செய்திகள்தான் ஓடுகின்றன. எனக்கு இது ஒத்துவராதோ?
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: ஒத்துவரும் சகோதரி. மனம் காற்றைப் போல அடக்க முடியாதது என்று அர்ஜுனனே கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் முறையிடுகிறான். கண்ணன் அதை மறுக்கவில்லை. பயிற்சியாலும் பற்றின்மையாலும் வசப்படும் என்கிறார்.

எனக்குக் கைகொடுத்தது கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்த கடோபநிஷத்து. அதில் நசிகேதன் என்ற சிறுவனுக்கு யமன் சொல்வது: உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி. ஆன்மா தேரில் அமர்ந்திருப்பவன். துவாஸில் இரவு ஷிப்ட் பார்த்த நாட்களில், மேலாளரின் ஒரு குறுஞ்செய்திக்கே என் குதிரைகள் தறிகெட்டு ஓடும். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது. குதிரைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, தேரோட்டி தூங்கிவிட்டான் என்று அப்புறம்தான் புரிந்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பிஷானைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் போகும் அல்லவா? பிரேடல் முதல் நியூட்டன் வரை நான்கு நிலையங்கள். அதுவரை கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். நின்றுகொண்டிருந்தாலும் பரவாயில்லை, மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மட்டும் கவனியுங்கள். வாட்ஸ்அப் நினைவு வந்தால் திட்டாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். நூறு முறை வந்தால் நூறு முறை திரும்புங்கள். ஒரு மாதம் செய்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.