ஸ்கேன் படத்தில் நீலம், வயலில் வாட்டம்

கேள்வி: ஐயா, பண்ருட்டி பக்கம் செம்மண்ணில் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை), 55 நாள் பயிர். நான்கு நாளுக்கு ஒரு தண்ணீர் கட்டியும் உச்சிவெயிலில் செடி தொங்கிவிடுகிறது. ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ போட்டுப் பத்து நாள் ஆகிறது. மருந்துக்கடைக்காரர் கூட்டிவந்த ஒருவர், வரிசையாகக் கம்பி அடித்து மின்சாரம் விட்டு நிலத்தை ஸ்கேன் எடுத்தார். படத்தில் மேலே சிவப்பு, முக்கால் அடிக்குக் கீழே நீலம். மேல்மண்ணில் ஈரம் நிற்கவில்லையாம், ஈரம் பிடிக்கும் தூள் இரண்டு மூட்டை போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். ஸ்கேன் எடுக்க வருகிறவரே மூட்டையும் விற்றால், படம் எந்த நிறத்தில் வந்தாலும் மருந்து அந்த மூட்டைதான்.

கருவியைக் குறை சொல்லவில்லை. ஈரமண்ணில் மின்சாரம் சுலபமாக ஓடும், படத்தில் அது நீலம்; காய்ந்த மண் தடுக்கும், அது சிவப்பு. ஆனால் களி இருந்தாலும் நீலம்தான், உப்பு கரைந்திருந்தாலும் நீலம்தான். நீங்கள் ஜிப்சம் வேறு போட்டிருக்கிறீர்கள், அதுவும் ஒரு உப்புதான்! கம்பியை எத்தனை அடிக்கு ஒன்றாக அடித்தார்? போர் போட நீரோட்டம் பார்ப்பது போல ஆறடிக்கு ஒன்று என்றால், வேர் இருக்கும் மேல் ஒன்றரை அடியில் என்ன நடக்கிறது என்று அந்தப் படத்துக்குத் தெரியாது.

ஒரே படம் எதையும் சொல்லாது. அரை அடிக்கு ஒரு கம்பி அடித்து, தண்ணீர் கட்டிய மறுநாள் ஒரு தரம், நாலாம் நாள் அதே கம்பிகளில், அதே நேரத்தில் இன்னொரு தரம் எடுக்க வேண்டும். மண் ஒரு டிகிரி சூடேறினாலே மின்தடை சுமார் 2 சதவீதம் இறங்கிவிடும், அதனால்தான் அதே நேரம். எந்த ஆழத்தில் தடை ஏறியிருக்கிறதோ அங்கே வேர் குடித்திருக்கிறது. மேல் இரண்டு அங்குலத்தை மட்டும் வெயில் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் கேட்காததை நான் கேட்கிறேன். எத்தனை வருஷமாக ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டுகிறீர்கள்? மேலே மாவு மாதிரி புழுதி, அதன் அடியில் சிமெண்டுத் தரை. வாடகை டிராக்டர்காரருக்கு ஒரே ஓட்டில் வேலை முடிகிறது, செடிக்குத்தான் வழியில்லை. செடி ஓரமாக முழங்கால் ஆழம் குழி வெட்டி, பக்கச் சுவரைக் கத்தி நுனியால் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கத்தி இறங்காது, அதுதான் கெட்டித்தட்டு. ஆணிவேரும் அங்கே மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால், கீழே எவ்வளவு ஈரம் இருந்தும் உங்கள் செடிக்கு எட்டாது.

இந்தப் பட்டத்துக்கு, கட்டும் தண்ணீரைக் குறைத்து இடைவெளியையும் குறையுங்கள். விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கும் நேரம், மண்ணைக் காயவிடக் கூடாது. அறுவடை முடிந்து மண் நன்றாகக் காய்ந்ததும் உளிக்கலப்பையை ஒன்றரை அடி ஆழத்துக்கு ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கெட்டித்தட்டு உடையாது, கோடு மட்டும் விழும்.

வாடிய செடி சாயங்காலம் நிமிர்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நிமிரவில்லை என்றால் நான் இதுவரை சொன்னது பொருந்தாது. நான்கு செடியை வேர்மண்ணோடு பெயர்த்து, விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி, வேரழுகலா என்று பார்க்கச் சொல்லுங்கள்.