வெளிநாடு போன அப்பா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் நெருங்கிய தோழிக்கு 32 வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவளுடைய கணவர் மாரடைப்பால் சரிந்து விழுந்து, மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே இறந்துவிட்டார். ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். குழந்தை தாங்க மாட்டாள் என்று பெரியவர்களும் நாங்களும் கலந்து பேசி, அப்பா வேலை நிமித்தம் வெளிநாடு போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறோம். தோழி சில நாள் சிரித்துப் பேசுகிறாள், மறுநாள் படுக்கையை விட்டு எழுவதில்லை. துக்கத்தில் ஐந்து கட்டங்கள் உண்டு என்கிறார்களே, இவள் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள்? இப்போதே மறுமணப் பேச்சை எடுக்கும் உறவினர்களை என்ன செய்வது? அவளுக்கு ஆறுதலாக நான் என்ன சொல்ல வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டவற்றுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். ஏனென்றால், என்னை எழுத உட்காரவைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன வேறொரு வரி.

ஐந்து கட்டங்களை மறந்துவிடுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று அவற்றை எழுதியது, தம் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. கணவனை இழந்த பெண்ணை அந்தக் கட்டங்களில் எதிலாவது நிறுத்திப் பார்ப்பதால் யாருக்கும் பயனில்லை. ஒரு நாள் சிரிப்பதும் மறுநாள் எழ முடியாமல் கிடப்பதும் கோளாறன்று. மனம் இழப்பின் பக்கமும் அன்றாடத்தின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதே துக்கத்தின் இயல்பு என்று உளவியலாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் எழுதினார்கள். மறுமணத்தைப் பற்றி அவளாக வாய் திறக்கும்வரை வேறு யாரும் திறக்கக் கூடாது. ஆறுதல் வார்த்தை தேடி அலைய வேண்டாம். வங்கி, காப்பீடு என்று அவள் ஏறி இறங்க வேண்டிய இடங்களுக்குக் கூடப் போங்கள்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். பெரியவர்களும் நீங்களும் கலந்து பேசினீர்கள், சரி. அந்தப் பேச்சில் உங்கள் தோழி எங்கே இருந்தாள்? நீங்கள் எல்லோரும் பொய்யைச் சொல்லிவைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அதை ஒவ்வொரு இரவும் புதிதாகச் சொல்ல வேண்டியவளாக அவளை மட்டும் விட்டுவிட்டீர்கள். அப்பா இன்று ஏன் தொலைபேசியில் பேசவில்லை, என் பிறந்தநாளுக்கு வருவாரா என்று குழந்தை கேட்கும்போது, செத்துப்போன கணவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று காரணம் கற்பிக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கொடுமையை நீங்கள் ஒரு நிமிடமாவது எண்ணிப் பார்த்தீர்களா?

எனக்கு இது தெரியும். என் தந்தை இறந்தபோது எனக்கும் ஐந்து வயது. எனக்கும் அவர் வேலைக்காகத் தொலைவுக்குப் போயிருப்பதாகத்தான் சொன்னார்கள். நான் அவருக்குக் கடிதம் எழுதினேன். அன்பின் மிகுதியால் என் மாமா அப்பாவின் பெயரில் பதில் எழுதினார். எனக்குக் கூட்டெழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால், அந்தப் பதில்களை எனக்கு உரக்கப் படித்துக் காட்டியது என் அம்மா. "நன்றாகப் படி, அம்மாவைத் தொந்தரவு செய்யாதே, விரைவில் வருகிறேன்" என்று முடியும் கடிதத்தை நிறுத்தாமல் படித்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர் வெகுநேரம் ஓடும். சில ஆண்டுகள் கழித்து, மாமாவின் கணக்கு நோட்டு ஒன்றில் அதே சாய்ந்த எழுத்தைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதுவரை, அப்பாவுடைய மூக்குக்கண்ணாடியை நான் உடைத்ததனால்தான் கோபித்துக்கொண்டு வராமலிருக்கிறார் என்று நம்பியிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, கேட்க ஆளில்லை. சில வாரங்களாக அந்தக் கடிதங்களைத்தான் எடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

குழந்தைக்குச் சாவு புரியாது என்பீர்கள். முழுதாகப் புரியாதுதான். மரியா நாகி என்னும் உளவியலாளர் புடாபெஸ்ட்டில் 378 குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டறிந்து 1948-இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறியவர்கள் அதை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ எண்ணினார்கள். தானாகவே அப்படி எண்ணக்கூடிய குழந்தையிடம் அப்பா பயணம் போயிருக்கிறார் என்று சொல்வது, அவள் மெல்ல விளங்கிக்கொள்ள இருந்த வழியையும் அடைத்துவிடுகிறது. தூங்கிவிட்டார் என்று மாற்றிச் சொல்லலாமா என்று யோசிக்காதீர்கள். பிறகு அவள் இரவில் கண்ணை மூடவே அஞ்சுவாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போஸ்டன் பகுதியில் தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளைச் சில்வர்மன், வோர்டன் என்னும் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு பிள்ளை எப்படி மீள்கிறது என்பதை எல்லாவற்றுக்கும் மேலாகத் தீர்மானித்தது, எஞ்சியிருக்கும் பெற்றோர் எப்படி இருக்கிறார் என்பதே. தன் வீட்டிலேயே அழ முடியாமல் நடித்துக்கொண்டிருக்கும் தாய் எப்படி இருப்பாள்? குழந்தையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே துணையை நீங்கள் வதைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். ஆனால் நான்கு மாதம் கழித்தும் ஒரு தோழியைப் பற்றி முன்பின் தெரியாதவனுக்குக் கடிதம் எழுதுகிறவர் நீங்கள்; இந்த அன்பு எல்லோரிடமும் இருப்பதில்லை. அதனால்தான் இதை உங்களிடம் கேட்கிறேன்.

முதலில் தோழியிடம் தனியாகப் பேசுங்கள். பெரியவர்களைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு, அவளுடையதன்று. பிறகு, காலை நேரமாகப் பார்த்து, தாயே மகளிடம் சொல்லட்டும்: அப்பா இறந்துவிட்டார், அவருடைய இதயம் நின்றுவிட்டது, இனி அவருக்கு வலிக்காது, அவரால் திரும்பி வர முடியாது. நீ தாங்க மாட்டாய் என்று பயந்து உண்மையைச் சொல்லாமலிருந்தோம், அது தவறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உன்னால் இது நேரவில்லை என்பதைக் குழந்தை கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சொல்லும்போது தாய் அழுதால் அழட்டும். குழந்தை சற்று நேரத்தில் விளையாடப் போய்விடலாம். அதைக் கண்டு அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் அன்று முழுவதும் அந்த வீட்டில் இருங்கள், அவளுடைய ஆசிரியரிடமும் அன்றே தெரிவித்துவிடுங்கள். அப்பா எப்போது வருவார் என்று அந்தப் பிள்ளை மறுநாளும் கேட்பாள், அடுத்த மாதமும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் தாயே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்களிடம் கேட்டால், வரமாட்டார், இறந்துவிட்டார் என்று நீங்களும் சொல்லுங்கள்.