ஒரு குன்னூர் டிக்கெட்

கோத்தகிரியில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். நானும் திக்குகிறவன்தான். சமீபத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகளும் என் பதில்களும்:

ஊட்டியில் கல்லூரி, வீடு குன்னூரில். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் 'கு' தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. வெலிங்டனுக்கு டிக்கெட் வாங்கி, மீதித் தூரம் நடக்கிறேன். மூச்சுப் பயிற்சி ஏதாவது சொல்லுங்கள். (மாணவர், குன்னூர்)

மூச்சில் கோளாறு இல்லை, தம்பி. நீங்கள் திக்குகிறவர் என்று அந்தக் கண்டக்டருக்குத் தெரிந்தே இருக்காது. வெலிங்டன் என்று தடையில்லாமல் சொல்லிவிட்டீர்கள், கால்தான் வலித்தது. தாமும் திக்கியவரான அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன், திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழுவது மேலே தெரியும் நுனி. வெட்கம், பயம், சொல்லை மாற்றிப் போடும் தந்திரம் எல்லாம் நீருக்கு அடியில். (புல்லில் படியும் உறைபனியை மட்டுமே பார்த்த நமக்கு உவமை கொஞ்சம் எட்டத்தில்தான் இருக்கிறது.) உங்கள் வெலிங்டன் டிக்கெட் அந்த அடிப்பகுதியைச் சேர்ந்தது. அங்கிருந்துதான் நான் தொடங்குவேன்.

கூட்டமில்லாத ஒரு பஸ்ஸில் ஏறுங்கள். கண்டக்டரின் முகத்தைப் பார்த்து, "எனக்குப் பேச்சு திக்கும், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு, 'கு-கு-குன்னூர்' என்று வேண்டுமென்றே திக்குங்கள். கிறுக்குத்தனமாகத் தோன்றும். சார்ல்ஸ் வான் ரைப்பர் போன்ற முன்னோடிகள், தாங்களும் திக்கியவர்கள், கற்றுக்கொடுத்த பழைய பயிற்சி இது. ஒளிக்க ஒன்றுமில்லாதபோது இறுக்கம் மெல்லத் தளர்கிறது. எத்தனை முறை திக்கினீர்கள் என்று நான் எண்ணப் போவதில்லை. எங்கே இறங்கினீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

பேரனுக்கு மூன்று வயது. வீட்டில் படுக மொழி, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். 'நா நா நான்' என்று நிற்கிறான். ஒரு மொழியைக் குறைக்கவா? நாக்கில் வசம்பு தேய்க்கவா? (பாட்டி, கோத்தகிரி)

இரண்டும் வேண்டாம், அம்மா. பல மொழி கேட்பதால் திக்கல் வருவதில்லை. படுக மொழியை நிறுத்தினால் அவனுக்கு நஷ்டமாவது உங்கள் பேச்சுதான். 100 குழந்தைகளில் 5 பேராவது சிறு வயதில் ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தானாகவே நின்றுவிடுகிறது. பெரியவர்களில் ஏறத்தாழ 1 சதவீதத்தினருக்குத்தான் நீடிக்கிறது. குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தாலோ, ஆறு மாதம் தாண்டினாலோ, பேசும்போது கண்ணை இறுக்கிக்கொண்டாலோ அழைத்து வாருங்கள். அதுவரை 'மெதுவாகப் பேசு' என்று திருத்தாமல், நீங்கள் நிதானமாகப் பேசுங்கள்.

வசம்பு குழந்தைகளுக்குக் கெடுதல் செய்யலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அதற்குப் 'பேர் சொல்லாதது' என்றே ஒரு பெயர் உண்டு. தன் பெயரைச் சொல்ல முடியாமல் நின்ற என் நாக்கிலும் அதைத்தான் தேய்த்தார்கள்!

எத்தனை மாதத்தில் குணமாகும்? (ஒருவர், உதகை)

'பத்தே நாளில் குணம்' என்ற பலகையைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று முதலில் பாருங்கள்.

வகுப்பில் ஒரு மாணவன் திக்குகிறான். வாசிக்கும் முறை வரும்போது அவனைத் தாண்டிவிடுகிறேன். சரிதானா? (ஆசிரியை, கூடலூர்)

தனியாகக் கூப்பிட்டு அவனிடமே கேளுங்கள், டீச்சர். இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போது திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். தொடக்கத்துக்கு அது உதவும். மேடையில் பேசவைத்தால் சரளத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். எதிரில் இருப்பவர்களைப் பார்த்தானா, கையசைத்துப் பேசினானா, சொல்ல வந்ததை முடித்தானா என்று பாருங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோர்ட்னி பேர்ட் நடத்தும் பயிற்சியில், திக்கலைக் குறைப்பதை இலக்காக வைக்காமல், இப்படிப்பட்ட திறன்களைத்தான் வளர்க்கிறார்கள். அவன் ஒரு சொல்லில் நின்றால் நீங்கள் அதை முடித்துக்கொடுக்க வேண்டாம். காத்திருப்பது கஷ்டம், தெரியும்.

மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறோம். (தாய், அருவங்காடு)

எத்தனை நாளைக்கு, அம்மா? அவளுக்கு விருப்பம் இருந்தால், "எனக்குத் திக்கும்" என்று அவளே முதலில் சொல்லட்டும். முன்கூட்டியே சொல்பவர்களைக் கேட்பவர்கள் நல்லவிதமாக மதிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னால் அந்தப் பலன் குறைந்துபோகிறது. ஆகவே குனிந்த தலையோடு வேண்டாம். முகம் சுளிக்கிற மாப்பிள்ளை காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பட்டும்.