பான் மீ என்றால் என்ன? வியட்நாமுக்குப் பிரெஞ்சு ரொட்டி எப்படி வந்தது?
பான் மீ, வியட்நாமின் தெருவோர சாண்ட்விச். நீள ரொட்டியைக் கீறி, ஈரல் விழுது, பன்றி இறைச்சி, காடியில் ஊறிய கேரட், முள்ளங்கி, கொத்தமல்லித் தழை, மிளகாய் எல்லாம் அடைப்பார்கள். கடித்தால் மேலோடு நொறுங்கி மடியில் உதிரும். நல்ல ரொட்டிக்கு அதுதான் அடையாளம்.

ரொட்டி 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியோடு வந்தது. அப்போது இறைச்சி, வெண்ணெய் எல்லாம் தட்டில் தனித்தனியாக இருக்கும். 1954-இல் நாடு வடக்கு, தெற்கு எனப் பிரிந்த பிறகு, தெற்கில் உள்ள சைகோன் நகரில் எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே வைத்து விற்கத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வழியிலேயே சாப்பிடலாம்; காய்கறி சேர்ந்ததால் விலையும் குறைவு. போர்த்துகீசியரோடு வந்த மிளகாய் நம் குழம்பில் கலந்துவிட்டதே, அது மாதிரிதான் பிரெஞ்சு ரொட்டியும் அவர்கள் உணவாகிவிட்டது.

பலர் நினைப்பதுபோல் 'பான் மீ' என்பது சாண்ட்விச்சுக்கு மட்டுமான பெயர் அல்ல. அங்கே வெறும் ரொட்டிக்கும் அதே பெயர்தான்.