இரண்டாம் எண்டிங்கில் டை போடுவது எப்படி?

கேள்வி: சேலத்தில் ஒரு சபைப் பாடகர் குழுவை நடத்துகிறேன். கிறிஸ்துமஸுக்கு ஏற்காட்டில் பாட, ஒரு ஞானப்பாட்டை நாலு குரலுக்கு மியூஸ்ஸ்கோரில் (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்) எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜி மேஜர். ஆல்ட்டோவில் (பெண்களின் கீழ்க்குரல்) எட்டாவது பாரின் (தாளக் கட்டம்) கடைசியில் வரும் சி ஷார்ப், ஒன்பதாவது பாருக்கு (முதல் எண்டிங், அதாவது முதல் தடவைக்கான முடிவு) டை ஆகிறது, அதாவது மறுபடி எடுக்காமல் அப்படியே நீள்கிறது. இரண்டாம் தடவை அதே நோட் பத்தாவது பாருக்கு (இரண்டாம் எண்டிங்) நீள வேண்டும். அங்கே டை ஒட்டவே மாட்டேன் என்கிறது. குழுவில் சிலர் மலைமேல் இருப்பவர்கள். வாரத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறோம். மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் ஆடியோதான் பயிற்சி. என்ன செய்யலாம்?

பதில்: பாடும்போது எட்டுக்கு அடுத்தது பத்து. தாளிலோ நடுவில் ஒன்பது உட்கார்ந்திருக்கிறது. பழைய பதிப்புகள் தாளின் வரிசையை மட்டுமே பார்த்து டை போடும். அதனால்தான் ஒட்டவில்லை, நீங்கள் எழுதியதில் தவறில்லை.

பத்தாவது பாரின் முதல் நோட்டுக்கு இடப்பக்கம், பார்லைனிலிருந்து கிளம்பி நோட்டைத் தொடும் சின்ன வளைவு ஒன்று போடுவதுதான் அச்சு வழக்கம். இதைப் பாதி டை என்று வைத்துக்கொள்வோம். 'இந்த நோட்டைப் புதிதாக எடுக்காதே, பிடித்திருப்பதையே நீட்டு' என்று அது பாடுகிறவருக்குச் சொல்கிறது.

மியூஸ்ஸ்கோர் நாலாம் பதிப்பின் புதிய வெளியீடுகளில் இந்த வசதி உள்ளேயே வந்துவிட்டது. முதலில் அப்டேட் செய்யுங்கள். எண்டிங் கோடுகள் சரியான பார்கள்மேல் நிற்கின்றனவா, திரும்பப் பாடச் சொல்லும் ரிப்பீட் பார்லைன் ஒன்பதின் முடிவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எட்டாவது பாரின் சி ஷார்ப்பைத் தேர்ந்தெடுத்து டி விசையை அழுத்துங்கள்.

பழைய பதிப்பிலேயே இருக்க வேண்டுமென்றால் சுற்றுவழி உண்டு. பத்தாவது பாரின் முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்துச் சாய்கோடு விசையை அழுத்தினால் முன்னால் ஒரு கிரேஸ் நோட் (சின்ன அலங்கார நோட்) வரும். அதையும் சி ஷார்ப்பாக வைத்து, எஸ் விசையால் ஸ்லர் (நோட்டுகளை இணைக்கும் வளைவு) போடுங்கள். அப்புறம் கிரேஸ் நோட்டின் தலை, தண்டு, கொடி, குறுக்குக்கோடு எல்லாவற்றையும் வி விசையால் மறைத்துவிடுங்கள். பண்புகள் பலகத்தில் அந்தக் கிரேஸ் நோட்டின் 'ப்ளே' டிக்கையும் எடுத்துவிட வேண்டும். மிஞ்சும் வளைவு பார்வைக்குப் பாதி டை போலவே இருக்கும். லில்லிபாண்ட் என்ற இன்னொரு இசைக்குறிப்பு மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ரிப்பீட் டை என்று தனிக் கட்டளையே இருக்கிறது.

ஷார்ப் குறியை மறக்காதீர்கள். எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும் டையில் ஷார்ப்பை மறுபடி போடத் தேவையில்லை. பத்தில் அவசியம் போடுங்கள். ஒரு பாரைத் தாண்டி வரும் கண்ணுக்கு வெறும் சி தெரிந்தால், ஆல்ட்டோவில் பாதிப் பேர் சி நேச்சுரல்தான் (ஷார்ப் இல்லாத சி) பாடுவார்கள். பாடல் வரியிலும் இதே கவனம் வேண்டும். எட்டில் 'யா' என்று தொடங்கியிருந்தால், பத்தாவது பாரின் கீழே அடைப்புக்குறிக்குள் (யா) என்று போட்டுவிடுங்கள். வெற்றிடமாக விட்டால் அடுத்த அசையை அங்கேயே தொடங்கிவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை ஆடியோதான். சுற்றுவழியில் போட்ட வளைவு கண்ணுக்கு மட்டும்தான். ஓடவிட்டால் பத்தாவது பாரில் சி ஷார்ப் மறுபடி அடிக்கும். அந்த நோட்டின் 'ப்ளே' டிக்கை எடுத்தால் நீளாது, மௌனமாகிவிடும். கேட்டே பழகுகிறவர்கள் அடிப்பதைத்தான் மனப்பாடம் செய்வார்கள். கடைசி ஒத்திகையில் திருத்த முடியாது. ஆகவே கோப்பைப் பிரதி எடுத்து, அதில் ரிப்பீட்டையும் எண்டிங்கையும் நீக்கி, முதல் எட்டு பாரை இரண்டாம் முறையும் நீளமாக எழுதி, சாதாரண டை போட்டு, அதிலிருந்து எம்பி3 எடுத்து அனுப்புங்கள். புதிய பதிப்பில் எழுதினாலும் அனுப்புமுன் அந்த இடத்தைக் காதால் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒன்பதாவது பாரின் கடைசி நோட்டை ரிப்பீட் தொடங்கும் முதல் பாருக்கு டை செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் தடவை அந்த நோட்டை எடுக்க வேண்டும், இரண்டாம் தடவை எடுக்கக்கூடாது. ஒரே வளைவால் இரண்டையும் சொல்ல முடியாது. அங்கே ரிப்பீட் இல்லாமல் முழுதாக எழுதுவதே நல்லது. ஒரு பக்கம் கூடினால் கூடட்டும்.

பிரிண்ட் எடுக்குமுன் எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் ஒரே வரியில் விழும்படி வரி முறிவை நகர்த்திவையுங்கள். பத்து மட்டும் அடுத்த வரிக்குப் போனால், வரித் தொடக்கத்தில் வரும் ஷார்ப் குறி (கீ சிக்னேச்சர்) பக்கத்தில் அந்தச் சின்ன வளைவு யார் கண்ணிலும் படாது.