விளையாட்டில் சாதித்தவருக்குக் கிடைக்கும் பெயரை வசதியும் ஊடக வெளிச்சமும்தான் தீர்மானிக்கின்றனவா?

பெரும்பாலும் ஆம். ஆனால் பழியை முழுக்க ஊடகத்தின் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். செய்தியாளர் கேமராவோடு வந்து சேர்வதற்கு வெகு முன்பே, ஜெயித்தவரின் பெயரை யாராவது எழுதிவைத்தார்களா என்ற இடத்திலேயே பாதித் தீர்ப்பு ஆகிவிடுகிறது. நான் நீலகிரியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இங்கே கண்ணால் பார்ப்பதை வைத்தே இதைச் சொல்கிறேன்.

வசதியின் பங்கைப் புரிந்துகொள்ள நம் கிரிக்கெட் வரலாறே போதும். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்குக் கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அந்தப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தவர், தலித் குடும்பத்தில் பிறந்த பல்வாங்கர் பாலு. மதவாரியாக அணிகள் மோதிய அந்தக் கால உள்ளூர்ப் போட்டிகளில் இந்துக்கள் அணிக்கு அத்தனை ஆண்டுகள் பந்து வீசியும் அவரை ஒருபோதும் கேப்டனாக நியமிக்கவில்லை. 1936இல் இங்கிலாந்துக்குக் கேப்டனாகப் போன விஜயநகரம் சமஸ்தானத்து இளவரசர் விஸ்ஸி, மூன்று டெஸ்ட்களில் ஆறு இன்னிங்ஸ் ஆடி எடுத்த மொத்த ரன் 33. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தைப் பாதிப் பயணத்திலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். விஸ்ஸிக்கோ அதே பயணத்தின்போது ‘சர்’ பட்டம் கிடைத்தது.

எங்கள் மலைக்கு வருகிறேன். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. 1875இல் ஜபல்பூரில் அந்த ஆட்டத்தைத் தொடங்கிவைத்த நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரியின் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அதிகாரிகள் பொழுதுபோக்குக்கு ஆடிய ஆட்டம்தான். எழுத்தில் ஏறியதால் வரலாறாகிவிட்டது.

அதே ஊட்டியை அடுத்துத் தலைக்குந்தா பக்கம் முத்தநாடு மந்து என்ற தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தோடர்கள் அங்கே கூடி மொற்பர்த் பண்டிகை கொண்டாடுகிறார்கள். வழிபாடும் நடனமும் முடிந்ததும் இளைஞர்கள் இளவட்டக்கல் தூக்குவார்கள். உருண்டையான, வழுவழுப்பான கல்; விரல் பிடிக்க ஒரு விளிம்புகூட இருக்காது. குந்தி உட்கார்ந்து, கல்லைத் தொடைமேல் உருட்டி ஏற்றி, மார்போடு அணைத்து எழுந்து, தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் நிமிராவிட்டால் கல் நழுவிவிடும். பளுதூக்கும் வீரருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் அத்தனையும் அதில் இருக்கிறது, கைப்பிடி மட்டும் இல்லை. மறுநாள் பத்திரிகைகளில் வண்ணப்படம் வருகிறது. ‘பாரம்பரிய உடையில் தோடர் இளைஞர்’ என்று அடியில் போடுகிறார்கள். வெளிச்சம் கிடைத்துவிட்டது, ஆனால் தூக்கியவர் யார்? அந்தப் படத்தில் சால்வைக்கு இருக்கும் மதிப்பு அதைப் போர்த்தியிருப்பவரின் பலத்துக்கு இல்லை. இது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் கோபத்தைத்தான் தருகிறது.

பள்ளிப் பிள்ளைகளின் நிலையும் இதுதான். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வரும் ஒரு பெண் ஊட்டி மைதானத்தில் ஓட வேண்டுமானால், கூடலூர் பக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் பஸ்ஸில் வர வேண்டும். கூட வரும் அம்மாவுக்கு அன்றைய பச்சை இலைக் கூலி போய்விடும். செஸ் வீரர் குகேஷுக்காக அவருடைய தந்தை மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்துவிட்டு ஊர் ஊராகக் கூடச் சென்றார். அது பெரிய தியாகம், சந்தேகமில்லை. அந்தத் தியாகத்தைச் செய்யக்கூட ஒரு குடும்பத்துக்குக் கையிருப்பு வேண்டும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2024இல் குகேஷ் உலக செஸ் சாம்பியனாவதற்குச் சில வாரங்கள் முன்புதான் சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு குகேஷுக்கு 5 கோடியும் காசிமாவுக்கு 1 கோடியும் கொடுத்தது. செஸ்ஸில் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் பதிவாகிறது. தரவரிசையில் யார் எங்கே நிற்கிறார் என்பதை உலகமே பார்க்கலாம். கேரம் ஆடுபவரைத் தங்கம் வாங்கிய பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ அதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டரில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் நெடுந்தூர ஓட்டத்தில் நேரம் கூடத்தான் செய்யும். எங்கள் மைதானத்தில் ஒரு மாணவி 3,000 மீட்டர் ஓடிய நேரத்தைக் கீழே சமவெளியில் உட்கார்ந்து காகிதத்தில் பார்ப்பவருக்கு அது சாதாரணமாகத் தெரியும். வெளியூர் வீரர்கள் பணம் செலவழித்து இங்கே வந்து பயிற்சி எடுக்கிறார்கள், அது செய்தியாகிறது. இங்கேயே பிறந்து, இந்தக் காற்றிலேயே ஓடுகிற பெண்ணின் நேரத்துக்குப் பக்கத்தில் உயரத்தைக் குறித்துவைக்க யாரும் இல்லை.

அதனால் என் கையில் இருப்பதைச் செய்கிறேன். விளையாட்டு விழா முடிந்ததும் பத்திரிகைகளுக்கு அனுப்பும் குறிப்பில் முதல் வரியிலேயே வென்ற மாணவியின் பெயர், ஊர், நேரம், மைதானத்தின் உயரம் எல்லாம் இருக்கும். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் பெயர்கள் எல்லாம் கடைசியில். இடம் போதாவிட்டால் பத்திரிகை அலுவலகத்தில் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள்.