சுவிஸ் விவசாயிகள் கோடையில் மாடுகளை ஏன் மலைக்கு ஏற்றுகிறார்கள்?

வடகிழக்கு சுவிட்சர்லாந்தில், 2,502 மீட்டர் உயர சான்டிஸ் மலையின் அடிவாரத்தில் இருக்கும் உர்னேஷ் என்ற சின்ன ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். கோடை தொடங்கும்போது அங்கே மாடுகளை மேலே உள்ள புல்வெளிகளுக்கு நடத்திக்கொண்டு போவார்கள். முன்னால் வெள்ளாடுகளுடன் சிறுவர்கள், பின்னால் மஞ்சள் கால்சட்டை போட்ட மேய்ப்பர்கள், பெரிய மணி கட்டிய மூன்று பசுக்கள். பார்க்கக் கொள்ளை அழகு!

ஆனால் இது வெறும் திருவிழா இல்லை. பள்ளத்தாக்கில் நிலம் குறைவு, பனிக்காலமோ நீளம், அப்போது மாடு தொழுவத்திலேயே கிடக்கும். அதற்குத் தீனி வேண்டுமென்றால் கீழே வளரும் புல்லைக் கோடையிலேயே அறுத்துக் காயவைத்து வைக்கோல்போல் சேர்த்தாக வேண்டும், மாடு அங்கேயே மேய்ந்தால் எதைச் சேர்ப்பது? குதிரில் இருக்கும் நெல்லைத் தொடாமல், கிடைக்கும் நாளில் வெளியே சாப்பிட்டுக்கொள்வது மாதிரிதான் இது. சுமார் நூறு நாள் மேலே மேய்ச்சல், அங்கேயே பால் கறந்து பாலாடைக்கட்டியும் செய்வார்கள். சுவிஸ் விவசாய நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மலை மேய்ச்சல்தான். 2023இல் யுனெஸ்கோ இந்த மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம், 'ஆல்ப்' என்றால் பனி மூடிய சிகரம் என்றே பலர் நினைக்கிறார்கள். அங்குள்ள விவசாயிக்கு அது தன் மாடு மேயும் கோடைப் புல்வெளி.